மைக்கில் கேட்ட இரண்டாவது மூச்சு

மைக் வண்டியில் புதிதாக ஏறியிருக்கும் உங்களுக்கு, ஒலிபெருக்கிக் குழாயை எந்தப் பக்கம் திருப்புவது, பேட்டரியை எங்கே கட்டுவது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதை வண்டி ஓட்டுகிறவரே ஒரு நாளில் சொல்லிக்கொடுத்துவிடுவார். நான் சொல்ல வந்தது தொண்டையைப் பற்றி. என் தொண்டைக்குள் என்ன நடந்தது, நான் எந்த இடத்தில் முட்டாள்தனம் செய்தேன், எப்படி உயிரோடு இருக்கிறேன் என்பதைப் பற்றி. கேட்க அவ்வளவு நன்றாக இருக்காது. ஆனால் தொண்டையை வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு இதை வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

என் பெயர் ஏழுமலை. வீடு திண்டிவனம், தொழில் விழுப்புரம். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். ஓர் ஊரில் ஒரு வருஷம் இருந்தால் எனக்குக் கால் நிற்காது. ஓசூரில் செங்கல் சூளை, பெல்லாரியில் லாரி கிளீனர், சூரத்தில் சாயப்பட்டறை என்று சுற்றினேன். சோறு கிடைத்த நாளும் உண்டு, கிடைக்காத நாளும் உண்டு. அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கடைசியில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் "செஞ்சி, செஞ்சி, திருவண்ணாமலை" என்று பஸ்ஸுக்கு ஆள் கூவிக்கொண்டிருந்தேன். விழுப்புரத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்த முதலாளி ஒருவர் அதைக் கேட்டுவிட்டு வண்டியில் உட்காரச் சொன்னார். அதிலிருந்து மைக்தான்.

நகைக்கடை, சர்க்கஸ் விளம்பரத்துக்குப் பதிவு செய்த குரல் போதும். சாவு அறிவிக்க மட்டும் ஆள் வேண்டும். பெயர் மாறும், தெரு மாறும். பாதி வழியில் போன் வரும்: மகன் துபாயிலிருந்து வருகிறான், நாலு மணிக்கு எடுக்கவில்லை, ஆறு மணிக்கு. உடனே மாற்றிச் சொல்ல வேண்டும். நான் அதில் பெயர் வாங்கியவன். செத்தவர் பெயரைச் சொல்வதற்கு முன் ஒரு மூச்சு நிறுத்துவேன். அந்த நிறுத்தத்தில் தெருவே வேலையை விட்டுவிட்டுக் காது கொடுக்கும்.

வண்டி ஓட்டியது ரபீக். கோட்டக்குப்பத்து ஆள். கூடப் பிறந்தவர்கள் எல்லாம் வளைகுடாவில், இவன் மட்டும் ஆட்டோவே போதும் என்று தங்கிவிட்டவன். என்னைவிடப் பத்து வயது இளையவன். வாய் ஓயாது. ஆனால் நான் மைக் சுவிட்சை அழுத்தினால் அந்த நொடியே பேச்சை விழுங்கிவிடுவான்.

இன்னொரு மூச்சு கேட்கிறது என்று முதலில் சொன்னவள் விக்கிரவாண்டி டோல்கேட் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வறுத்து விற்கும் ஒரு பெண். ஒரு சாவுச் செய்தியைச் சொல்லிவிட்டு அவள் கடை ஓரம் வண்டியை நிறுத்தினோம்.

"வண்டியில இன்னொரு ஆளு யாருய்யா?" என்றாள்.

"யாருமில்லயே. நா ஓட்றேன், அண்ணன் பேசறாரு. அவ்ளோதான் கம்பெனி" என்றான் ரபீக்.

"அவரு பேரச் சொல்றதுக்கு மின்ன ஒரு மூச்சு வருதே, அது யாருது? பின்னாடி குந்திக்கினு யாரோ இழுக்கறாங்க."

ரபீக் சிரித்தான். நான் இறங்கி, உட்கார்ந்திருந்த பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். ஆம்ப்ளிஃபயர், பேட்டரி, பாதி காலியான தண்ணீர் பாட்டில். வேறொன்றுமில்லை.

உங்களுக்கே இதற்குள் தெரிந்திருக்கும். குழாய் நம் தலைக்கு மேல் இருக்கிறது, சத்தம் முழுக்க வெளியே போகிறது. உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்குத் தன் குரல் ஊருக்கு எப்படிக் கேட்கிறது என்பது தெரியவே தெரியாது. அதனால் நான் செட்டைச் சந்தேகப்பட்டேன். ஒயரை மாற்றினோம். மைக்கை மாற்றினோம். முதலாளியிடம் கெஞ்சி ஆம்ப்ளிஃபயரையே மாற்றினோம். அதன் பிறகு கண்டமங்கலத்தில் ஒரு வீட்டில் எங்கள் வண்டியை வேண்டாம் என்றார்கள். வாசலுக்கு வந்த மனிதர் மரியாதையாகத்தான் பேசினார்.

"கோச்சிக்காதீங்க. போன மாசம் எங்க சித்தப்பா சாவுக்கு நீங்கதான் சொல்லிக்கினு வந்தீங்க. எங்க சித்தி அதக் கேட்டுட்டு, அவரு மூச்சு வண்டியில போவுது, எறக்கிக் குடுங்கன்னு தெருவுல ஓடிச்சி. புடிச்சி உக்கார வெக்கறதுக்குள்ள பேஜாராயிட்சி. இந்தத் தடவ வேற வண்டி பாத்துக்கறோம்."

அன்று திரும்பும் வழியில் ரபீக் மெயின் ரோட்டை விட்டு வண்டியைத் திருப்பினான். ஓர் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினான். என்னை உள்ளேயே உட்காரச் சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு கரையில் வெகு தூரம் நடந்து போய் நின்று கையைக் காட்டினான். நான் வழக்கம் போலச் சொன்னேன். பிறகு பேசாமல் மைக்கை மட்டும் பிடித்திரு என்று சைகை காட்டினான். பிடித்திருந்தேன். ஏரியில் நின்றிருந்த கொக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தன.

அவன் வந்து பதிவைப் போட்டான். என் குரல். அதன் பின் அந்த நிறுத்தம். அந்த நிறுத்தத்துக்குள் மெல்லிய, நீளமான ஓர் இழுப்பு, சாத்திய கதவின் இடுக்கு வழியாகக் காற்று நுழைவது போல. அது என் குரலோடு சேரவில்லை. யாரோ எனக்குப் பின்னால் இருந்து, நான் பேசி முடிப்பதற்காகக் காத்திருந்து இழுப்பது போல இருந்தது. பேச்சு முடிந்து வெறும் மைக்கைப் பிடித்திருந்த இடத்திலும் அதுதான். இழுப்பு, ஓய்வு, இழுப்பு.

"செட்டுல ஒண்ணுமில்லண்ணா" என்றான் ரபீக். "அது நீதான்."

குரல் கம்மி ஆறு மாதம் ஆகியிருந்தது. சோறு விழுங்கும்போது தொண்டையில் ஏதோ தடுத்தது. நம் தொழிலில் இதை யார் நோய் என்று நினைக்கிறார்கள்? மடியில் அதிமதுரமும் சித்தரத்தையும் பனங்கற்கண்டும் கட்டிக்கொண்டு திரிகிறோம். கம்மினால் மெல்லுகிறோம். நானும் ஆறு மாதம் மென்றேன். அந்த ஆறு மாதம் வீண். கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் போனால் மடியை அவிழ்த்துப் போட்டுவிட்டுத் தொண்டை டாக்டரிடம் போங்கள். மூச்சில் சத்தம் வந்தால் மூன்று வாரம்கூடக் காத்திருக்காதீர்கள், அன்றே போங்கள்.

நான் போனது அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிக்கு. தொண்டை டாக்டரம்மா மூக்கு வழியாக ஒரு மெல்லிய கேமரா குழாயை விட்டார். திரையில் என்னுடைய தொண்டையை எனக்கே காட்டினார். மூச்சுக்குழாயின் வாசலில் மூடி மாதிரி ஒன்று எல்லோருக்கும் இருக்கிறது, இலை போல மெல்லியதாக இருக்க வேண்டும். என்னுடையது தண்ணீரில் ஊறிய முந்திரி போல வெளுத்து உப்பி, வாசலின் மேல் சாய்ந்திருந்தது. அதற்கும் சுவருக்கும் நடுவே ஒரு கீற்று. அந்தக் கீற்று வழியாகத்தான் நான் இத்தனை நாள் ஊர் ஊராகச் சாவு சொல்லிக்கொண்டிருந்தேன்.

புற்றோ என்று பார்த்தார்கள், காசநோயோ என்று பார்த்தார்கள். மயக்கம் கொடுத்து, சதையைக் கிள்ளி எடுத்து அனுப்பினார்கள். இரண்டும் இல்லை. நெஞ்சுப் படத்தில் உள்ளே நெறி கட்டியிருந்தது தெரிந்தது. கடைசியில் டாக்டரம்மா ஒரு பெயர் சொன்னார்: சார்காய்டோசிஸ்.

"உடம்புக்குள்ள காவல் காக்கிற அணுக்கள் இருக்கு, ஏழுமலை. எதிரியே இல்லாத இடத்துல அது கூட்டம் கூடி முடிச்சு முடிச்சா உக்காந்துடுது. நிறைய பேருக்கு நுரையீரல்ல வரும். உங்களுக்குக் குரல்வளையிலயும் வந்திருக்கு. இது அபூர்வம்."

"சாயப்பட்டறையில இருந்தேம்மா. அந்தத் தூசாலயா?"

"எதனாலன்னு உறுதியா சொல்ல முடியாது."

"போயிடுமா?"

"சில பேருக்குத் தானா அடங்கும். உங்களுக்கு எப்படின்னு இப்ப தெரியாது. அடக்கி வெச்சிக்கலாம். ஆனா ரொம்ப நாளைக்குப் பாக்கணும். மாத்திரைய நான்தான் குறைப்பேன். நீங்களா ஒரு நாள்கூட நிறுத்தக்கூடாது."

பிறகு ரபீக்கையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். எப்போதும் கூட இருக்கிறவர் என்பதால் கேட்டுக்கொள்ளச் சொன்னார். மூச்சு முட்டினால் படுக்கவைக்கக் கூடாது, வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, உட்கார்ந்தபடியே கொண்டுவர வேண்டும். இன்னொன்றும் சொன்னார்: திணறுகிற ஆளிடம் சத்தம் குறைந்தால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், உள்ளே போகும் காற்று குறைந்துவிட்டது என்று அர்த்தம். நான் அதைக் காதில் வாங்கவில்லை. ரபீக் வாங்கினான்.

ஸ்டீராய்டு மாத்திரை. சில வாரத்தில் இழுப்பு நின்றது. குரல் பழையபடி திறந்தது. மூச்சு போய் வருவது எனக்கே தெரியவில்லை. ஆனால் முகம் பானை போல உப்பியது. சர்க்கரை ஏறியது. ராட்சசப் பசி எடுத்தது. பஸ் ஸ்டாண்டில் பழைய கூட்டாளிகள், "இன்னாடா, மாமியார் வூட்லயே தங்கிட்டியா?" என்று கன்னத்தைக் கிள்ளினார்கள்.

இங்கேதான் என் முட்டாள்தனம் வருகிறது. மைக் பிடிப்பவன் ஒருவனுக்குத்தான் இது தோன்றும். பேட்டரியை நாம் எப்போது சார்ஜ் போடுகிறோம்? புக்கிங் இருந்தால் போடுகிறோம். சும்மா இருக்கும் நாளில் போட்டால் பேட்டரி உப்பிவிடும் என்பது நமக்குத் தெரியும். நான் மாத்திரையை அப்படிக் கணக்குப் பண்ணினேன். புக்கிங் இருக்கும் காலையில் நாலு, ஐந்து என்று போட்டுக்கொள்வேன். புக்கிங் இல்லாத நாளில் டப்பாவைத் திறக்க மாட்டேன். முகம் கொஞ்சம் வற்றியது. குரலும் தேவைப்பட்ட நாளில் வந்தது. டாக்டரை ஏமாற்றியது போலக்கூட நினைக்கவில்லை, அவருக்குத் தெரியாத ஒரு தொழில் நுணுக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேன். காட்டப் போவதையும் நிறுத்தினேன்.

என் மனைவி வளர்மதி ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னை எழுப்பினாள். நான் தூங்கி அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

"இன்னாங்க, எழுந்து அந்தப் பக்கம் திரும்பிப் படுங்க. ஒங்க பக்கத்துல யாரோ படுத்துக்கினு கீற மாதிரியே இருக்குது. நீங்க ஒரு மூச்சு உடறீங்க, அது ஒரு மூச்சு உடுது. எனக்கு வூட்ல இருக்கவே ஒரு மாதிரியா இருக்குது."

"கனவு கண்டியா?"

"நா எங்க தூங்கினேன்? ஏனம் கழுவிக்கினு இருந்தேன். அங்க வரைக்கும் கேக்குது."

மறுநாள் புக்கிங் இருந்தது. நாளைக்கு மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்று திரும்பிப் படுத்தேன்.

அந்தப் புக்கிங் திருவெண்ணெய்நல்லூர் பக்கம். நிறையப் பேர் மதித்த ஓர் அம்மாள் இறந்துவிட்டார். நாலு மணிக்கு எடுக்கிறார்கள், அதற்குள் சுற்றியுள்ள எட்டு ஊருக்குச் சொல்ல வேண்டும். காலையில் ஆறு மாத்திரையை ஒன்றாக விழுங்கிவிட்டு ஏறினேன். ஐந்து ஊர் நன்றாகப் போனது. ஆறாவது ஊருக்குள் நுழையும்போது உச்சி வெயில். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கரும்பு.

சுவிட்சை அழுத்தினேன். வழக்கமான முன்வரியைச் சொன்னேன். பெயருக்கு முன்னால் நிறுத்தி மூச்சை இழுத்தேன். அது முழுதாக உள்ளே வரவில்லை. மறுபடி இழுத்தேன். ரம்பம் அறுப்பது போல ஒரு சத்தம் மட்டும் வந்தது. கை மைக்கோடு இறுகிவிட்டது, சுவிட்சை விடத் தோன்றவில்லை. அதனால் குழாய் அந்தச் சத்தத்தை ஊருக்குப் போட்டது. பேர் இல்லை, சேதி இல்லை. வெறும் மூச்சு.

கதவுகள் திறந்தன. ஆட்கள் வாசலில் வந்து நின்றார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை, மேலே குழாயைப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் பிணம் போகும்போது செய்வது போலத் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. நான் அவருக்கு எதிரே உயிரோடு உட்கார்ந்திருக்கிறேன்.

ரபீக் திரும்பிப் பார்த்தான். போ, போ என்று கையை ஆட்டினேன். இன்னும் இரண்டு ஊர் பாக்கி, அதுதான் என் புத்தியில் இருந்தது. அவன் வண்டியை நிறுத்தினான். அதற்குள் நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள்.

"தண்ணி குடுங்கப்பா."

"கட்டில் கொண்டாரேன், படுக்க வைங்க."

"யாரும் தொடாதீங்க!" என்று ரபீக் கத்தினான். நான் அவன் கத்திக் கேட்டது அதுதான் முதல் முறை. "தண்ணி வாணாம். படுக்க வெக்காதீங்க. குந்தியே இருக்கட்டும்."

108க்குப் போன் போட்டான். அந்த வண்டி தூரத்தில் இருந்தது. கிராமத்துக்குள் வந்து திரும்பினால் நேரமாகும். நீங்கள் ஹைவே கூட்டு ரோட்டுக்கு வர முடியுமா என்று அந்தப் பக்கம் கேட்டார்கள். இங்கேயே காத்திருந்தால் நாலு பேர் உதவிக்கு இருப்பார்கள். கிளம்பினால் வழியெல்லாம் கரும்பு, நடுவில் ஏதாவது ஆனால் யாருமில்லை. அவன் யோசித்தது இரண்டு மூச்சு நேரம் இருக்கும், என் மூச்சில்.

"வந்துக்கினே இருக்கோம்" என்று போனை வைத்தான். என் முதுகை நிமிர்த்தி முன்னால் சாய்த்து உட்காரவைத்தான். ஆட்டோவில் அவன் முதுகுக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயர் மறைக்கிறது, கண்ணாடியில் நான் தெரிய மாட்டேன். நான் மைக்கைக் கீழே வைக்கப் போனேன். அவன் என் கையைப் பிடித்து வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"வெக்காதண்ணா. சுச்ச உடாத. நா திரும்பிப் பாத்துக்கினு ஓட்ட முடியாது. கேட்டுக்கினே போறேன்."

அப்படித்தான் போனோம். பட்டப்பகலில், கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே, என் மூச்சைக் குழாயில் போட்டுக்கொண்டு. களத்தில் வேலை செய்தவர்கள் நிமிர்ந்து அப்படியே நின்றார்கள். எதிரே வந்த டிராக்டர் தானாகவே ஓரம் ஒதுங்கியது. ஹாரன் அடிக்கவே தேவைப்படவில்லை. ஒரு பெண் குழந்தையின் இரண்டு காதையும் பொத்தினாள். ஒரு நாய்கூட வண்டியைத் துரத்தவில்லை.

பாதி வழியில் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை நன்றாகக் கேளுங்கள். திணறல் போய்விட்டது போல, தூக்கம் வருவது போல இருந்தது. குழாயில் சத்தம் மெலிந்துகொண்டே வந்தது. அப்பாடா என்று நினைத்தேன். ரபீக் அப்படி நினைக்கவில்லை.

"ண்ணா! சத்தம் கொறையுது! இழு! ஏய், இழு, சத்தமா இழு!"

அவன் என்னை அதற்கு முன்னால் ஏய் என்றதில்லை. கோபத்தில்தான் இழுத்தேன் என்று நினைக்கிறேன். இழுத்தேன், குழாய் ரம்பம் போல அறுத்தது. "அப்டித்தான்! வுடாத! ஜல்தி, இன்னும் ஒண்ணு!" கூட்டு ரோடு வரைக்கும் அவன் என்னைத் திட்டித் திட்டியே மூச்சு இழுக்கவைத்தான். அங்கே 108 நின்றிருந்தது. ஆக்சிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள், உட்கார்ந்தபடியே கொண்டுபோனார்கள்.

ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுக்க நேரமுமில்லை, கொடுக்கவும் முடியாது. கழுத்தை மட்டும் மரத்துப்போக வைத்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டாக்டரம்மா மூச்சுக்குழாயில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்தார். காற்று வந்தது. வலி பெரிதில்லை. சத்தமில்லாமல் மூச்சு வந்தது, அதுதான் விசித்திரம். வாயை மூடிக்கொண்டிருக்கிறேன், மூக்கில் ஒன்றுமில்லை, ஆனால் நெஞ்சு ஏறி இறங்குகிறது. வேறு யாருடைய உடம்பிலோ படுத்திருப்பது போல இருந்தது.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா ஒரு நோட்டையும் பேனாவையும் கொடுத்தார்.

"போன மாசம் மாத்திரை எப்படிப் போட்டீங்க? உள்ளத எழுதுங்க."

எழுதினேன். பேட்டரிக் கணக்கையும் எழுதினேன். அவர் இரண்டு தடவை படித்தார். திட்டவில்லை. நோட்டைத் திருப்பி என் மடியில் வைத்தார்.

"மாத்திரை உங்க குரலுக்கு இல்ல, ஏழுமலை. அந்த வாசலத் திறந்து வெக்க. வாசல் புக்கிங் இல்லாத நாள்லயும் திறந்திருக்கணும் இல்லையா? அதுவும் இல்லாம, இத்தனை நாள் சாப்பிட்ட ஸ்டீராய்ட திடீர்னு நிறுத்தினா உடம்பே படுத்துடும். தொண்டையால தப்பிச்சாலும் அதுல மாட்டியிருப்பீங்க."

நோட்டைப் பிரித்து, இனிமேல் தினமும் என்று எழுதிக் காட்டினேன்.

அந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லாமல் விட்ட பெயரை ரபீக்தான் போய்ச் சொன்னான். என்னை 108இல் ஏற்றிவிட்டு, அதே வண்டியில் திரும்பிப் போய், தானே மைக்கைப் பிடித்து மூன்று ஊருக்கும் சொல்லியிருக்கிறான். இதை அவன் எனக்குச் சொல்லவில்லை. முதலாளி சொல்லித் தெரிந்தது.

கழுத்துக் குழாயோடு பல மாதம் இருந்தேன். தினமும் கழற்றிக் கழுவ வளர்மதி கற்றுக்கொண்டாள். வீங்கிய மூடிக்குள்ளேயே சில வார இடைவெளியில் ஊசி போட்டார்கள். ஸ்டீராய்டைத் தினமும் போட்டு, மிக மெதுவாகக் குறைத்தார்கள். அதைக் குறைக்க இன்னொரு மாத்திரை சேர்த்தார்கள். அது வாரத்தில் ஒரே நாள்தான், தவறித் தினமும் போட்டால் ஆபத்து என்று சொல்லியிருந்ததால் வளர்மதி காலண்டரில் புதன்கிழமைகளை மட்டும் சுழித்து வைத்தாள். அதற்கு ரத்தம் பார்க்க வேண்டும். சர்க்கரை பார்க்க வேண்டும். இந்த நோய் கண்ணுக்கும் போகுமாம், அதனால் கண்ணையும் பார்க்க வேண்டும். எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து மாத்திரை. இதெல்லாம் தொல்லைதான். நான் செங்கல் சூளையில் இருந்தவன், இதைவிடத் தொல்லை பார்த்திருக்கிறேன்.

ஒரு நாள் குழாய் வாயை அடைத்துப் பார்த்து, மறுநாள் எடுத்துவிட்டார்கள். குரல் பாதி வந்தது. பேசலாம், தொழிலாகக் கத்தக் கூடாது என்றார் டாக்டரம்மா. மைக்கை முதலாளியிடம் கொடுத்துவிட்டேன். ஒரு மாத மாத்திரையை ஒன்றாகக் கொடுப்பார்கள். அந்த முப்பது நாளுக்குள் போய்த் திரும்பக்கூடிய திருவிழாக்களில் பலூன், சாவிக்கொத்து விற்றேன். சும்மா இருக்க எனக்கு வராது.

வெளியூர் போக ரபீக் ஒரு நிபந்தனை போட்டான். தினமும் காலையில் எழுந்ததும் போனைத் தொண்டையருகே பிடித்து, பேசாமல், பத்து மூச்சைப் பதிவு செய்து அவனுக்கு அனுப்ப வேண்டும். கிண்டலாகத்தான் ஆரம்பித்தேன். அவன் போனைத் திறந்தால் என் பெயருக்குக் கீழே ஒரு சொல்கூட இல்லாமல் நூற்றுக்கணக்கான மூச்சுகள் வரிசையாக இருக்கும். ஒருமுறை அவன் மனைவி ஏதோ ஒன்றைத் தவறி அழுத்திவிட்டு, போனைப் படுக்கையில் எறிந்துவிட்டாளாம். ஒவ்வொன்றுக்கும் அவன் பதில் ஒரே சொல்தான்: சரி.

போன வருஷம் நான் ராய்ச்சூர் ஸ்டேஷனில் இருந்தேன். மறுநாள் பக்கத்தில் ஒரு பெரிய திருவிழா. இரண்டு மூட்டைச் சரக்கு காலடியில். மாத்திரை ஒரு வேளையும் தவறவில்லை. மேம்பாலப் படியை மூட்டையோடு நிற்காமல் ஏறி இறங்கியிருந்தேன். காலையில் அனுப்பியதற்குப் பதில் வந்தது. சரி என்று வரவில்லை. "வேற மாதிரி கீது. கெளம்பி வா."

போன் செய்தேன்.

"இன்னாடா வேற மாதிரி? நா நல்லாத்தான் கீறேன்."

"தெரியலண்ணா. வேற மாதிரி கீது."

"நானே அஞ்சு தடவ போட்டுக் கேட்டேன். ஒண்ணுமே இல்ல."

"ஒனக்கு எப்பதாண்ணா கேட்டுக்கீது?"

போனை வைத்துவிட்டேன். ஆறாவது தடவை கேட்டேன். சுத்தமான மூச்சு. சரக்கைப் பார்த்தேன், தண்டவாளத்தைப் பார்த்தேன். என் காது நன்றாக இருக்கிறது என்றது, உடம்பும் அதையே சொன்னது. இந்த இரண்டும் ஏற்கெனவே என்னை ஏமாற்றியவை. பக்கத்தில் இருந்த வியாபாரியிடம் மூட்டைகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, அடுத்த ரயிலில் ஏறினேன். தொழிலில் நீங்கள் எவ்வளவோ முடிவு எடுப்பீர்கள். உங்களுக்கு ஒன்றுமே தெரியாதபோது, தெரிந்தவன் சொன்னான் என்பதற்காக மட்டும் வேலையை விட்டு எழுந்திருப்பது இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். பழகிக்கொள்ளுங்கள்.

டாக்டரம்மா முதலில் ரபீக்கின் போனை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டார். முந்திய நாள் மூச்சையும் கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே" என்றார்.

பிறகு கேமராவை விட்டார். திரையில் மூடியின் இடது ஓரம் மட்டும், ஓர் உளுந்து அளவுக்கு, வெளுத்து உப்ப ஆரம்பித்திருந்தது. அந்த வாரமே அந்த இடத்தில் ஊசி போட்டு, மாத்திரையைச் சிறிது கூட்டினார். அது அடங்கிவிட்டது. கழுத்தில் மறுபடி ஓட்டை தேவைப்படவில்லை.

கேமராவை வெளியே எடுத்ததும் ரபீக் பக்கம் திரும்பி, "இதுல எதை வெச்சிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார்.

ரபீக்குக் கூச்சமாகிவிட்டது. வாயாடி, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"தெரியல மேடம். காலையில டீ குடிச்சிக்கினேதான் தெனமும் கேப்பேன். அன்னிக்கி டீய கீழ வெச்சிட்டேன்."